பனை உச்சியில் செந்தலை

கடந்த தை மாதக் கடைசி வாரத்தில் என் குறிப்பேட்டில் எழுதிய ஒரு வரியை அரை மணி நேரத்துக்குள் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. ‘வைரி – 1, மொட்டைப் பனை, காலை 6.40’ என்பதுதான் அந்த வரி. இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனையும் சீமைக்கருவேலமும் மட்டுமே தெரியும் ஒரு வெளியில் நின்றுகொண்டிருந்தேன். தலை முறிந்து தண்டு மட்டும் எஞ்சிய பனையொன்றின் நுனியில் புறா அளவிலான ஒரு வேட்டைப்பறவை எனக்கு முதுகைக் காட்டியபடி அமர்ந்திருந்தது. சாம்பல் நிற முதுகு, சிறிய உடல், மனிதர் வாழும் பகுதிக்கு அருகில் என்ற மூன்றையும் கூட்டினால் நம் ஊரில் பெரும்பாலும் வைரிதான் விடையாக வரும். நானும் அப்படியே கூட்டி எழுதிவிட்டு, கண்மாய்க் கரையில் ஏதாவது உள்ளான் தென்படுகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அது அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் வெயில் இப்போது அதன் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. இருநோக்கியை உயர்த்தியதும் முதலில் கண்ணில் பட்டது தலைதான். உச்சந்தலையும் பிடரியும் காய்ந்த செம்மண் நிறத்தில் இருந்தன. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், அதற்குள் கருவிழியும் வெண்விழியும் பிரித்தறிய முடியாத முழுக் கருமையான கண். வைரியின் கண் அப்படி இருக்காது. வளர்ந்த வைரிக்கு மஞ்சளோ சிவப்போ கலந்த கண்தான். அந்த நொடியில் கை நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன். பறவை சற்றுத் திரும்பி வாலை விரித்தபோது, நுனியருகே அகலமான ஒரு கரும்பட்டையும் அதற்குக் கீழே மெல்லிய வெள்ளை விளிம்பும் தெளிவாகத் தெரிந்தன. வைரியின் வாலில் பல மெல்லிய பட்டைகள் இருக்கும். இதில் கண்ணில் அறைவது அந்த ஒற்றைப் பட்டைதான். செந்தலை வல்லூறு என்று எழுதிவிட்டு, மேலே இருந்த வரியை இரண்டு கோடுகளால் அடித்தேன்.

பதினோரு ஆண்டுகளாகப் பறவை பார்த்து வருகிறேன். இந்தப் பறவையை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்றுதான் அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. பழைய குறிப்பேடுகளில் ‘வைரி, தொலைவில்’ என்று எழுதிக் கடந்துபோன வரிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் எத்தனை வைரிகள் உண்மையில் வைரிகள் என்பதை இனி யார் சொல்வது?

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் உரியதன்று என்பது ஓர் ஆறுதல். தமிழில் ‘வல்லூறு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சில நூல்களில் அது வைரிக்குப் பெயர். வேறு சிலவற்றில் ஃபால்கன் வகைப் பறவைகள் அனைத்துக்கும் பொதுப்பெயர். பேச்சுவழக்கிலோ வல்லூறு, வைரி, இராசாளி ஆகிய மூன்றும் ஊருக்கு ஊர் இடம் மாறி உட்காரும். அறிவியல் பெயரிலும் இதே கோளாறு குடியேறியிருக்கிறது. ஃபால்கோ சிக்குவேரா என்பது இதன் அறிவியல் பெயர். 1800-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டௌடின் இந்தப் பெயரைச் சூட்டினார். அவர் ஆதாரமாகக் கொண்டது லெவயாங் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வங்காளத்துப் பறவையொன்றைப் பற்றித் தந்த விவரிப்பை. அதில் வரும் ‘சிக்குவேரா’ என்பது வேறொன்றுமில்லை, ‘ஷிக்ரா’ என்ற இந்திச் சொல்லின் பிரெஞ்சுத் திரிபு. ஷிக்ரா என்றால் நம் வைரி. ஆக, நான் காலை 6.40 மணிக்குச் செய்த பிழையை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து, அதை இலத்தீனில் நிரந்தரமாகப் பதித்தும் வைத்துவிட்டார்.

ஆனால் வைரிக்கும் இதற்கும் உள்ள தொலைவு நிறத்திலும் வாலிலும் முடிந்துவிடுவதில்லை. வைரி, பருந்து, கழுகு ஆகியவை ஒரு குடும்பம். வல்லூறுகள் (இனி இச்சொல்லை ஃபால்கன்களுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்) வேறு குடும்பம் மட்டுமல்ல, வேறு வரிசை. கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த மரபணு ஆய்வுகள் வல்லூறுகளைப் பருந்துகளிடமிருந்து பிரித்து, கிளிகளுக்கும் சிட்டுக் குருவி, மைனா போன்ற பாடும் பறவைகளுக்கும் அருகில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கின்றன. முதலில் படித்தபோது நான் இதை நம்ப மறுத்தேன். கொக்கி அலகும் கூருகிரும் இறைச்சி உண்ணும் வாழ்க்கை கேட்கும் கருவிகள்; உறவில்லாத இரண்டு குலங்கள் தனித்தனியே அவற்றை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. கொல்லும் முறையிலும் வேறுபாடு உண்டு. வைரி தன் நகங்களால் இறுக்கியே இரையைக் கொன்றுவிடும். வல்லூறு காலால் பிடித்து, அலகால் கழுத்தெலும்பை முறிக்கும். அதற்கென்றே மேல் அலகின் விளிம்பில் இருபுறமும் பல்போன்ற ஒரு சிறு முனை இருக்கிறது.

செந்தலை வல்லூறு நடுத்தர அளவுள்ள பறவை. நீளம் ஏறத்தாழ 30 முதல் 36 சென்டிமீட்டர். பெண் ஆணைவிடப் பெரியது. நிறத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை; மேலே நீலம் கலந்த வெளிர்சாம்பல், கீழே வெள்ளையில் நெருக்கமான மெல்லிய கருங்கோடுகள், தொண்டை வெள்ளை, கன்னத்தில் ஒரு சிறிய செம்பழுப்பு மீசைக்கோடு. இந்தியத் துணைக்கண்டத்தின் சமவெளிகளில்தான் அதன் வாழ்வு. அடர்காட்டுக்குள் நுழையாது, மலையேறாது. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் திறந்த வெளி, மேய்ச்சல் நிலம், புன்செய்க் காடு, ஊரோரத் தோப்பு ஆகியவையே அதற்கு வேண்டும். வலசையும் போகாது. ஆண்டு முழுவதும் நம்மோடுதான் இருக்கிறது. இருந்தும் தமிழ்நாட்டில் இதைக் கண்டவர்கள் குறைவு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை ‘அச்சுறு நிலையை நெருங்கிய’ இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

அன்று காலை அந்த ஒரு பறவையோடு என் நல்லூழ் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏழரை மணியளவில் ‘கீ-கீ-கீ’ என்று கூர்மையான ஒரு குரல் கேட்டது. மொட்டைப் பனையில் இருந்தது உடலைத் தாழ்த்தி அதே குரலில் பதில் சொன்னது. மேற்கிலிருந்து, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் எழாமல், சீமைக்கருவேலப் புதர்களின் தலையை உரசிக்கொண்டு இன்னொன்று வந்தது. வந்த வேகத்திலேயே செங்குத்தாக மேலெழுந்து பனையின் நுனியில் உட்கார்ந்தது. இது சற்றுச் சிறியது, ஆண். அதன் காலில் ஒரு வானம்பாடி. பெண் அதை ஆணின் காலிலிருந்து பறித்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும், வாங்கிக்கொண்டது என்று சொல்வது நாகரிகத்துக்காகப் பொய் சொல்வதாகும். பிறகு அது நிதானமாக இறகுகளைப் பிடுங்கத் தொடங்கியது. காற்றில்லாத நேரமாதலால் அவை சுழன்று சுழன்று பனையடியிலேயே விழுந்தன.

இரண்டும் பறந்து போன பின் அந்தப் பனையடியில் மண்டியிட்டு அரை மணி நேரம் கழித்தேன். வானம்பாடியின் மண்நிற இறகுகளுக்கு நடுவே, அரிவாள்போல் வளைந்து குறுகிய கரும்பழுப்பு இறகுகள் பல கிடந்தன. அவை பனை உழவாரனின் சிறகிறகுகள். செரிக்காத எலும்பையும் இறகையும் வல்லூறு உருண்டையாகத் திரட்டி உமிழ்ந்துவிடும். கட்டைவிரல் முனையளவு இருந்த அத்தகைய உருண்டை ஒன்றை உடைத்துப் பார்த்தபோது, அரிசியில் பாதிகூட இல்லாத, ஊசிப்பற்கள் கொண்ட ஒரு தாடையெலும்பு கிடைத்தது. சிறு வௌவாலின் தாடை.

இந்த மூன்று இரைகளும் இந்தப் பறவை வாழும் முறையைச் சொல்லிவிடுகின்றன. வானம்பாடி தரையிலிருந்து கிளம்புவது, உழவாரன் நாளெல்லாம் வானத்தில் திரிவது, வௌவால் இருட்டிய பிறகு வருவது. விடியலிலும் அந்தியிலும்தான் இதன் வேட்டை மும்முரமாக நடக்கும். இணையாக வேட்டையாடுவதும் இதன் சிறப்பு. ஒன்று இரையைத் துரத்தி அதன் போக்கை மாற்ற, மற்றொன்று இரை திரும்பும் திசையில் காத்திருந்து அடிக்கும். அடுத்தடுத்த வாரங்களில் நான்கு முறை இதைப் பார்த்தேன். நான்கில் ஒருமுறைதான் இரை சிக்கியது.

பனை உழவாரனைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். பெயருக்கேற்ப இது பனையை விட்டால் வேறு கதியில்லாத பறவை. காய்ந்து தொங்கும் காவோலையின் அடிப்புறத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டி, உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு கூட்டைக் கட்டும். பனையேறிகள் ஏறும் பனையில் காவோலையைக் கழித்துவிடுவார்கள். ஆகவே ஏற ஆளில்லாமல் விடப்பட்ட, பாவாடை கட்டியதுபோல் காவோலை தொங்கும் பனைகள்தாம் இதற்கு வசதி. பனையேற்றம் குறைந்ததால் அத்தகைய பனைகள் அந்த வெளியில் ஏராளம். அவற்றைச் சுற்றி உழவாரன்களும் ஏராளம். உழவாரன்கள் மாலையில் கூட்டமாகக் காவோலைக்குள் நுழையும் நேரத்துக்கு வல்லூறுகளும் தவறாமல் வந்துவிடும்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே வாழும் செங்கழுத்து வல்லூறை நெடுங்காலம் இதனோடு ஓரினமாகவே கருதினார்கள். இப்போது அதைத் தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள். அதுவும் பனைகள் நிற்கும் புல்வெளிகளையே நாடும் பறவை. அந்தப் பனை நம் பனையின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனை. பெருங்கடலுக்கு இருபுறமும் பனையும் வல்லூறுமாகப் பிரிந்து நிற்கும் இந்த இரு குடும்பங்களையும் நினைக்கும்போது எனக்கு ஏனோ உவகையாக இருக்கிறது.

பனையோடு இதற்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. வட இந்தியாவில் இதைத் துரும்தி என்பார்கள். பழக்கி வேட்டைக்கு விடப்பட்ட பறவைகளில் இதுவும் ஒன்று. மதராஸ் இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1860-களில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதியபோது, காடை, கௌதாரி, மைனா முதலியவற்றின் மேல் துரும்தியை ஏவுவார்கள் என்றும் குறிப்பாக ஒரு பறவையின் மேல் ஏவுவதை விரும்புவார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பறவை வேறெதுவுமல்ல, நாம் பனங்காடை என்று அழைக்கும் நீலச்சிறகுப் பறவைதான். பனங்காடை வானில் குட்டிக்கரணம் போட்டுத் தப்பக்கூடியது. துரத்தல் நெடுநேரம் நீளும் என்பதால் பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு. நான் கண்டதோ நேர்மாறு. மாசி முதல் வாரத்தில் ஒரு பனங்காடை, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, பெண் வல்லூறை இரண்டு பனை தூரம் விரட்டிச் சென்றது. வல்லூறு எதிர்க்கவில்லை.

அது எதிர்க்காமல் போனதற்குக் காரணம் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. கூட்டைக் காட்டிக்கொடுக்க அது விரும்பியிருக்காது. இருநூறு மீட்டர் தள்ளி நின்ற ஓர் ஆண் பனையின் கொண்டைக்குள், சென்ற ஆண்டின் காக்கைக் கூடு ஒன்று இருந்தது. வல்லூறுகள் கூடு கட்டுவதில்லை. பாறை இடுக்கிலோ பொந்திலோ பிற பறவைகள் விட்டுச்சென்ற கூட்டிலோ முட்டையிடும். செந்தலை வல்லூறுக்குப் பெரும்பாலும் காக்கைக் கூடுதான். அதன் இனப்பெருக்கக் காலம் சனவரி முதல் மே வரை; காக்கைகள் கோடையில் முழுவீச்சில் கூடு கட்டத் தொடங்குவதற்கு முன்பே பழைய கூட்டில் குடியேறிவிடுகிறது. குடியேறியபின் வீட்டுக்காரர் வந்தாலும் விடாது. காக்கை, கரும்பருந்து என்று எது அருகில் வந்தாலும் விரட்டியடிக்கும். மூன்று நான்கு முட்டைகள் இடும். ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை என்பதை வாசிப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொம்பன் ஆந்தையின் கூடு இருந்த இடத்தை உற்சாகத்தில் ஒரு குழுவில் சொல்லித் தொலைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒன்பது கேமராக்கள் நின்றன. அதற்கடுத்த வாரம் கூட்டில் ஆந்தை இல்லை. அந்தப் பிழையை நான் யார் மேலும் சுமத்த முடியாது, வாய் என்னுடையது.

ஆனால் இந்தக் கூட்டுக்கு ஆபத்து கேமராவிலிருந்து வரவில்லை. மாசி நடுவில் ஒருநாள், அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பனையேறி, இடுப்பில் பாளை அரிவாளோடு என் அருகில் வந்து நின்றார். எதைப் பார்க்கிறேன் என்று கேட்டார். இருநோக்கியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“இராசாளில்லா இது. சின்ன வயசுல நெறைய கெடக்கும். இப்பத்தான் காங்கல.”

“கூடு வச்சிருக்கு அண்ணாச்சி. அடையில இருக்குன்னு நெனைக்கிறேன்.”

“அந்தப் பனையிலயா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். “அலகு விட்டுருச்சு சார். அடுத்த வாரம் அதுல ஏறிப் பாளை கட்டணும்.”

அலகு என்று அவர் சொன்னது ஆண் பனையின் பூங்கதிரை. இரண்டு ஆண்டுகளாக ஏறாமல் விட்டிருந்த பனையாம். அதனால்தான் காக்கைக் கூடு கலையாமல் இருந்திருக்கிறது. இந்த ஆண்டு பதநீர் இறக்க அதையும் கணக்கில் சேர்த்திருந்தார். பனையேறியின் வருமானம் முழுவதும் அந்தச் சில மாதங்களுக்குள் அடங்கிவிடுவது. ஒவ்வொரு பனையும் அதில் ஒரு பங்கு. நான் தயங்கித் தயங்கி, அந்த ஒரு பனையின் பதநீருக்கு உரிய பணத்தை நானே தந்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

“குருவிக்கு வாடகை குடுக்கப் போறியளோ?” என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அது குஞ்சைக் கூட்டிட்டுப் போகட்டும். வைகாசியில பாத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பனைக்கு நடந்தார். பணத்தைப் பற்றிப் பேசியதற்காக அன்றிரவு முழுவதும் கூசிக்கொண்டிருந்தேன்.

அவர் நிற்க இடம் கொடுத்தார் என்பதற்காகப் பனை நிலைத்துவிடாது. செங்கல் சூளைக்குப் பனையை வெட்டி ஏற்றிச் செல்லும் லாரிகளை அந்தச் சாலையில் நானே கண்டிருக்கிறேன். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் அறிக்கை படிப்பதில்லை. உயர்ந்த பழைய மரங்கள் போய்விட்டால் காக்கை வேறெங்காவது, கைப்பேசிக் கோபுரத்தில்கூடக் கட்டிக்கொள்ளும். வல்லூறும் பின்னாலேயே அங்கே போகலாம். வங்கதேசத்தில் மின்கோபுரங்களில் இது கூடு கொண்டதைக் கண்டிருக்கிறார்கள். உழவாரனுக்கு அந்த வழி எளிதன்று. தொங்கும் காவோலைக்கு ஈடாக இரும்புச் சட்டம் எதைத் தரும்?

பங்குனியில் மூன்று முறை போனேன். இரண்டாம் முறை, கூட்டின் விளிம்புக்கு மேலே வெண்பஞ்சுத் தலைகள் இரண்டு தெரிந்தன. ஆண் கொண்டுவரும் இரையைப் பெண் பாதிவழியில் எதிர்கொண்டு வாங்கி, மொட்டைப் பனையில் வைத்து இறகு பிடுங்கி, துண்டு துண்டாகக் கிழித்து ஊட்டியது. சித்திரை பிறந்து பத்து நாட்களுக்குள் இரண்டு இளம் பறவைகளும் கொண்டையின் கருக்குமட்டைகளில் தாவிக்கொண்டிருந்தன; தலை தாய்தந்தையைவிடக் கருத்து, வயிறு இலேசான செம்மை பூத்து இருந்தது. அதற்கடுத்து நான் போனபோது கூடு வெறுமையாக இருந்தது. தொலைவில் எங்கோ அந்தக் கூர்மையான குரல் மட்டும் கேட்டது.

வைகாசியில் பனையேறி ஏறிய நாளன்று நானும் அங்கே இருந்தேன். பாளைகளெல்லாம் பருவம் தப்பிப்போயிருந்தன. காவோலை கழிக்கத்தான் ஏறினார். மேலே போனதும் அரிவாளின் ஓசை சற்று நின்றது. கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கீழிருந்து கேட்டேன்.

“கருவேலங் குச்சி, கட்டுக்கம்பி, கொஞ்சம் தேங்கா நாரு” என்று மேலிருந்து குரல் வந்தது. “அப்படியே காக்கா வச்சதுதான் சார். இது ஒத்தக் குச்சிகூடப் புதுசா வைக்கல.”